டாக்டர் ஓட்டுக் கேட்டார், நான் டோக்கன் கொடுத்தேன்

எங்கள் டாக்டர் டெல்லிக்குப் போனதில் உன் பங்கு என்ன என்று தூத்துக்குடியில் இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்பதுண்டு. இப்போது நான் வைத்திருக்கிற டீக்கடையில் நாலு பேர் சுற்றி நிற்கும்போது பார்த்துத்தான் கேட்பார்கள். நானும் வெட்கமில்லாமல் உண்மையைச் சொல்வேன். அவர் போகாமல் இருக்க என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். அதையும் தாண்டித்தான் போனார்.

நான் படிக்காதவன். படிக்காதவன் என்றால் பள்ளிக்கூடத்துக்கே போகாதவன் இல்லை. இரண்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். மூன்றாம் வருடம் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குச் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து எனக்கே எல்லாம் மறந்துட்டு வருதுலே. நீ கடலுக்குப் போயிரு" என்றார். நல்ல மனுஷன். போய்விட்டேன்.

சங்கு குளிக்கிற வேலை. வள்ளத்தில் ஏறிப் போய், காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடியில் இறங்கி, மணலுக்குள் புதைந்து கிடக்கிற சங்கைத் தேடி எடுக்க வேண்டும். பதினைந்து வருடம் குளித்தேன். ஊருக்குப் பேர் முத்து நகர். அத்தனை வருடத்தில் நான் பார்த்த ஒரே முத்து என் வலது காதுக்குள் முளைத்த சீழ்க்கட்டிதான். அதை எடுத்துக்கொண்டுதான் முதன்முதலாக டாக்டரிடம் போனேன்.

டாக்டர் பனங்காட்டுப் பக்கத்துக் கடைக்காரர் மகன். ஒல்லி. சத்தம் போட்டுப் பேச மாட்டார். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தார். என் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதுலே. நடுவுல ஒண்ணையும் காணுமே" என்றார். என் குடும்பம் முழுக்க இதே கருத்துதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் லைட் அடித்துப் பார்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

காது போனது போனதுதான், இனிமேல் கடலுக்குள் இறங்கினால் ஆளும் போய்விடுவாய் என்றார். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே நோயாளிகளுக்குள் சண்டை. யார் முதலில் வந்தது என்று. நான் எழுந்து போய் ஒரு கத்துக் கத்தினேன். கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கத்திப் பழகிய தொண்டை. கிளினிக் கப்சிப். உள்ளே திரும்பி வந்ததும் டாக்டர், "நாளைலேருந்து வந்திரு" என்றார். இப்படித்தான் நான் மருத்துவத் துறையில் நுழைந்தேன்.

டோக்கன் கொடுப்பது என் வேலை. வளையலுக்கு ஆகாத உடைந்த சங்குத் துண்டுகளை வட்டமாக உரசி, சிவப்பு நெயில் பாலிஷால் ஒன்று முதல் அறுபது வரை நானே எண் போட்டேன். முதல் நாளே ஆறாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். யார் கையில் எது தலைகீழாக இருக்கிறது என்று தெரியவில்லை. அப்புறம் ஆறுக்கு அடியில் ஒரு கோடு போட்டேன். அந்தச் சங்கு டோக்கன்களுக்கு எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை. ஒன்று கையில் இருந்தால் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம், இடம் போகாது. விசைப்படகுச் சொந்தக்காரரானாலும் மூட்டை தூக்குபவருக்குப் பின்னால் வந்தால் பின்னால்தான். டாக்டர் அதில் கறார்.

அரசியலுக்கு அவர் வந்தது சங்கு குளிக்கிற ஒரு குளியாளியால். ஒரு நாள் பகலில், என்னோடு வள்ளத்தில் வந்து பழகியவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டார்கள். அடியிலிருந்து சட்டென்று மேலே வந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இதற்கு அழுத்த அறை என்று ஒன்று இருக்கிறதாம். இரும்புக் கூண்டு மாதிரி. அதற்குள் ஆளை வைத்துக் காற்றை ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் பிழைத்துக்கொள்வான். அது எங்கள் கடற்கரையில் இல்லை. தூரமாக இன்னொரு ஊருக்கு வேனில் கொண்டுபோனார்கள். உயிர் வந்தது, கால் வரவில்லை.

டாக்டர் அன்றிலிருந்து மனு எழுத ஆரம்பித்தார். நான்தான் தபாலாபீஸுக்குக் கொண்டுபோவேன். பதில் வரும். "மேல அனுப்பியிருக்கு" என்று இருக்கும். இவர் மேலே எழுதுவார். "கீழ அனுப்பியிருக்கு" என்று வரும். இதிலேயே சில வருடம் போனது. ஒரு கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு நிற்கச் சொல்லி இரண்டு தடவை அவரைக் கேட்டிருந்தார்கள், முடியாது என்றிருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நான் எழுதுறத எவனும் வாசிக்கல. அங்கன நானே போயி வாசிக்கேன்" என்றார். எம்.பி. தேர்தல். எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னிடம் டீ குடிக்கிற பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். அன்றைக்கு டோக்கனைத் தப்புத் தப்பாகக் கொடுத்தேன். கிளினிக்கைப் பூட்டி, சாவியையும் டோக்கன் பையையும் மடியில் செருகிக்கொண்டு பிரச்சார வேனில் ஏறிவிட்டேன். சாவி எதற்கு, பை எதற்கு என்று யோசிக்கவில்லை. இடுப்பில் அது இல்லாவிட்டால் எனக்கு வேட்டி நிற்காத மாதிரி இருக்கும்.

ஓட்டுக் கேட்பது டாக்டருக்கு வரவே இல்லை. முதல் ஊரில் மைக்கைப் பிடித்து "வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். முன்னால் நின்ற ஒருவர் வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். டாக்டர் பழக்கத்தில் குனிந்து பார்த்து, "மஞ்சளா இருக்கே, காப்பிய நிறுத்தும்" என்றார். நாலு ஒலிபெருக்கியிலும் அது போனது. அந்த ஊருக்கே அவருடைய நாக்கின் நிறம் தெரிந்துவிட்டது. அடுத்து ஒருவர் தன் மூலத்தைப் பற்றி வாயெடுத்தார். கட்சி அனுப்பிய வக்கீல் பாய்ந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

வக்கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனத்த மனுஷர். தோளில் எப்போதும் ஒரு துண்டு, வியர்வை துடைக்க. தேர்தல் முடியும்வரை சட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வேனில் டாக்டருக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

"டாக்டர், ஓட்டு முடியுற வரைக்கும் யாரு நாடியையும் புடிச்சிராதீங்க. இலவச வைத்தியம்னு கேஸ் போட்டிருவான். ஓட்டுக்குக் குடுக்கிற லஞ்சத்துல சேந்திரும்."

"காய்ச்சல்னு வந்தா?"

"காய்ச்சல்னு வந்தா வணக்கம்னு சொல்லுங்க."

என்னையும் பார்த்தார். "வேய், உமக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"எனக்கெதுக்கு அண்ணாச்சி? என்ட்ட எவன் வைத்தியம் பாக்க வாரான்?" என்றேன். அப்போது எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

இப்படியே போய் ஒரு நாள் காலையில் கீழவைப்பாருக்கு வேன் போனது. மீன்பிடிக்கிற ஊர். கோவிலுக்கு முன்னால் கூட்டம். மாதா கோவில். கொடி பிடித்தவர்களைவிட எக்ஸ்ரே பிடித்தவர்கள் அதிகம். டாக்டர் பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்கள். டாக்டர் எழுந்து நின்றதும் ஒரே தள்ளுமுள்ளு. என் காதப் பாருங்க, என் முட்டப் பாருங்க என்று வேனே ஆடியது. டாக்டர் இரண்டு தடவை பேச ஆரம்பித்து இரண்டு தடவையும் நிறுத்திவிட்டார். மீன் விற்கிற ஒரு அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே வேன் படியில் ஏறிவிட்டாள்.

கூட்டம் தள்ளினால் என் கைக்கு ஒரு வேலைதான் தெரியும். மடிக்குப் போனது, பையை அவிழ்த்தது.

"ஆளுக்கொண்ணு. தள்ளுனவனுக்குக் கடைசி நம்பரு. எக்கா, மொதல்ல வந்தது நீ, இந்தா ஒண்ணு. கீழ எறங்கு."

ஐந்து நிமிஷம்தான். தள்ளு நின்றது. டோக்கனை வாங்கியவர்கள் கோவில் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லார் வாயும் மூடிக்கொண்டது. இனி இடம் போகாது என்று தெரிந்தவர்களின் அமைதி அது. கிளினிக்கில் தினமும் பார்க்கிறதுதான். டாக்டருக்கு அந்தப் பக்கம் இருந்து என் கை தெரியவில்லை. கூட்டம் தன் பேச்சைக் கேட்கத்தான் உட்கார்ந்தது என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

அன்றைக்குப் பேசினார் பாருங்கள். தேர்தலில் முதன்முதலாக ஒரு பேச்சை முழுசாகப் பேசினார். கடலுக்கு அடியிலிருந்து வருகிறவன் உடம்பில் என்ன நடக்கிறது, ஏன் கால் விழுகிறது, அந்த இரும்புக் கூண்டு இங்கே வர டெல்லியில் யார் எதைக் கேட்க வேண்டும், எல்லாம் நோயாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். ஒரு ஈ, காக்கை அசையவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். வக்கீல்கூடத் துண்டை மடியில் போட்டுவிட்டுக் கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதைச் செய்தது நான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

சொல்ல ஆள் வந்தது. ஜீப்பில். பறக்கும் படை. ஒரு அதிகாரி, ஒரு போலீஸ், வீடியோ கேமராவோடு ஒருவர்.

அதிகாரி என் பையைப் பார்த்தார். "கையில என்ன?"

"டோக்கன் சார்" என்றேன், பெருமையாக.

பின்னால் வக்கீல் வேன் படியில் தொப்பென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது.

ஓட்டுக்கு முன்னால் டோக்கன் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம். ஓட்டு முடிந்ததும் அதை ஒரு கடையில் காட்டினால் ரூபாயோ பொருளோ கிடைக்கும். குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு தடவை நானே வாங்கியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் அந்தக் கடையே இல்லை. இவ்வளவு தெரிந்தவன் ஏன் கொடுத்தாய் என்றால், கை செய்த வேலையைத் தலை பார்க்கவில்லை. என் தலை பொதுவாக அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"இதக் காட்டினா என்ன குடுப்பீங்க?" என்றார் அதிகாரி.

"ஊசி சார்."

"என்னது?"

"எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு மாத்திரைதான்."

கேமராக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. வரிசையில் முதலில் இருந்த மீன்கார அக்காவிடம் போனார்.

"பணம் தரேன்னு சொன்னாங்களாம்மா?"

"ரூவா தாரவன் வீடு தேடில்லா வருவான்? அதுக்கெதுக்கு நான் மீனப் போட்டுட்டு இங்கன உக்காந்திருக்கேன்?"

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

"மொதல்ல பாக்கதுக்கு. நான்தான் ஒண்ணு. வேணும்னா நீங்க வாங்கிக்கோங்க, அந்தா அங்கன குடுக்காரு."

வக்கீல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். லஞ்சம் இல்லை என்று சொல்லப் போய், வைத்தியம் பார்ப்பதாக அவளே வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். டோக்கனையெல்லாம் திருப்பிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. ஒருத்தரும் கொடுக்கவில்லை. ஒரு பெரியவர் தன் டோக்கனை வாய்க்குள் போட்டு வெற்றிலையோடு அடக்கிக்கொண்டார்.

வக்கீல் எழுந்து டாக்டர் காதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் என் நல்ல காதுப் பக்கம் நின்று சொல்லிவிட்டார்.

"இவன் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருங்க. கூட்டத்துல பூந்த கோட்டிக்காரன்னு முடிச்சிருவோம். இல்லைன்னா உங்க பேரு இன்னைக்கே நாறிரும். நீங்க டெல்லிக்குப் போன மாதிரிதான்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கோட்டிக்காரனாக, அதாவது பைத்தியமாக நடிக்க எனக்கு ஒத்திகைகூட வேண்டாம். நானே டாக்டரிடம், "ஆமா சார், தெரியாதுன்னு சொல்லிருங்க. நான் அப்படியே கடக்கரப் பக்கமா ஓடிருதேன்" என்றேன்.

"எங்கன ஓடுவே? பத்து எட்டுல உனக்கு மூச்சு வாங்கும்" என்றார். இறங்கி நேரே அதிகாரியிடம் போனார்.

"சார், இவன் என்ட்ட வேலை பாக்கிறவன். அது என் கிளினிக் டோக்கன். குடுக்கச் சொல்லி நான் சொல்லல. ஆனா அவன் செஞ்சது நான் செஞ்ச மாதிரிதான். அப்படியே எழுதிக்கோங்க."

அப்புறம் வேனில் ஏறி மைக்கை வாங்கினார்.

"டோக்கன் வச்சிருக்கவங்க கேளுங்க. ஓட்டு முடியுற வரைக்கும் நான் யாரையும் தொட்டுப் பாக்க மாட்டேன். முடிஞ்ச மறுநாள் கிளினிக் உண்டு. எப்பவும் வாங்குற ஃபீஸ் உண்டு. எனக்கு ஓட்டுப் போட்டவனுக்கும் அதே ஃபீஸ், போடாதவனுக்கும் அதே ஃபீஸ். இலவசமா ஒண்ணும் கிடையாது."

இப்படி ஒரு தேர்தல் வாக்குறுதியை அந்தக் கடற்கரை கேட்டதில்லை. பின்னாலிருந்து ஒருவர், "பின்ன எதுக்குவே உமக்கு ஓட்டு?" என்றார்.

"அதத்தான இவ்வளவு நேரமும் சொன்னேன்" என்றார் டாக்டர்.

பாதிப் பேர் டோக்கனை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரியவரும் துப்பிவிட்டார். மற்றவர்கள் நோயாளிகள், முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பையைக் கவரில் போட்டு சீல் வைத்தார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குத் தெரிந்த எழுத்து வேலை அது ஒன்றுதான் என்பதால் மூன்று இடத்தில் போட்டேன். ஒன்று போதும் என்றார். என்னை ஜீப்பில் ஏற்றி தாலுகா ஆபீஸில் சாயங்காலம் வரை உட்கார வைத்து, கேட்டதையே கேட்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். டாக்டருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

நான் ஊருக்குள் வருவதற்கு முன்னால் வீடியோ வந்துவிட்டது. எல்லார் போனிலும் என் முகம், அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். பிறந்ததிலிருந்து என் மேல் யாரும் இவ்வளவு கவனம் வைத்ததில்லை. "டோக்கன் டாக்டர் பிடிபட்டார்" என்று எழுதியிருந்தார்களாம். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வீடியோ வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கிளினிக் வாசலில் இருபது பேர். திட்ட வந்திருக்கிறார்கள் என்று பயந்து சந்துக்குள் ஒதுங்கினேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அண்ணாச்சி என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, கீழவைப்பாருக்குக் குடுத்திய. எங்க வார்டுக்கு எப்ப?"

"அண்ணாச்சி, அது துட்டு டோக்கன் இல்ல. சத்தியமா கிளினிக் டோக்கன்."

அவர் ஒரு கண்ணை மூடித் திறந்தார். "புரியுது, புரியுது. வெளிய பேசப்பிடாது. நீ நம்பரு மட்டும் எழுதிக்கோ."

திட்டியிருந்தால்கூட எனக்கு வலித்திருக்காது. ஊர் முழுக்க நம்பிவிட்டது. கோபம்கூட இல்லை, தங்களுக்கு வரவில்லையே என்ற வருத்தம் மட்டும்தான். இவரும் மற்றவர்கள் மாதிரிதான் என்று ஆகிவிட்டால், கடலுக்குள் கால் விழுந்தவனைப் பற்றி அவர் பேசியதெல்லாம் ஓட்டுக்குச் சொன்ன கதையாகிவிடும். அவ்வளவு பெரிய காரியத்தை இரண்டாம் வகுப்புக்காரன் ஒருவன் ஒரு பை சங்குத் துண்டால் உடைத்துவிட்டான். அன்றைக்கு எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. என் பெண்டாட்டி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் கட்சி ஆபீஸில் டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் ஏற்பாடு செய்துவிட்டார்.

"காயல்பட்டினத்துல எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. ஓட்டு முடியுற வரைக்கும் இவன் அங்கன மாடியில கெடக்கட்டும். ஆளக் காணும்னா பேச்சும் கொறைஞ்சிரும்."

"சாப்பாடு எப்படி அண்ணாச்சி இருக்கும் அங்க?" என்றேன். ஜோக் திரும்பிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் தலையைத் தூக்கினார். "ஒளிச்சு வச்சா துட்டு டோக்கன்தான்னு ஆயிரும். நாளைக்குக் காலையில மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டி போவுதுல்லா? அங்கன இவன் பேசட்டும்."

"நானா? எனக்குப் பேசத் தெரியாது சார், கத்தத்தான் தெரியும்."

"அப்ப கத்து. என்ன நடந்துச்சோ அதக் கத்து."

வக்கீல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் லீவு" என்றார்.

மறுநாள் ஏலம் முடிகிற நேரம். துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் வேன் நின்றது. நான் மைக்கைப் பிடித்ததும் சிரிப்புச் சத்தம். சிவப்பு வட்டத்துக்காரன் வந்துவிட்டான் என்று போனைத் தூக்கினார்கள். ஒருவர் கையைத் தூக்கி, "ஏலே, ஒரு டோக்கன் எவ்வளவு?" என்றார்.

"நீதாம்லே தரணும், ஃபீஸு" என்றேன். "எங்க டாக்டரு உனக்குப் பைசா தருவாருன்னு நெனச்சியா? ஊசி போட்டதுக்கு நீ வச்ச பாக்கியே கெடக்கு."

அவருக்கு உண்மையிலேயே பாக்கி இருந்தது. கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நான் சொல்லுதேன், கேளுங்க. எங்க டாக்டரு படிச்சவரு. அவருக்கு ஓட்டுக்குத் துட்டுக் குடுக்கணும்னா ஊர்ல வேற ஆளா இல்ல? நல்ல கள்ளப்பயலுவ எத்தன பேரு இருக்கீய இந்தத் துறைமுகத்துல. உங்கள எல்லாம் விட்டுட்டு, பட்டப்பகல்ல, மாதா கோவிலு முன்னால, போலீசு வார வரைக்கும் ஒக்காந்து டோக்கன் குடுக்கதுக்கு என்னையவா அனுப்புவாரு? ஆறையும் ஒம்பதையும் மாத்திக் குடுத்து அடி வாங்குன கூமுட்டையவா?"

மீன் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருவர், "அது சரிதாம்லே, இவன நம்பி எவன் துட்டுத் தருவான்" என்று பக்கத்துக்காரரிடம் சொன்னது மைக்கில்லாமலே எனக்குக் கேட்டது. என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு கேவலமாக யாரும் நம்பியதில்லை. நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை.

அப்புறம் பெஞ்சில் போட்ட குளியாளியைப் பற்றிச் சொன்னேன். அவனோடு ஒரே வள்ளத்தில் போனவன் நான், நான் காதோடு தப்பினேன், அவனுக்குக் கால் போனது, நடுவில் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும்தான் என்றேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. டாக்டர் மைக்கை வாங்கி மீதியைப் பேசினார்.

அதிலிருந்து எல்லா ஊரிலும் முதலில் நான்தான். ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் போனோம். வேன் நின்றதும் நான் எழுந்து என்னையே திட்டுவேன், கூட்டம் சிரிக்கும், டாக்டர் பேசுவார். வக்கீல் லீவை ரத்து செய்துவிட்டு, எந்த இடத்தில் எப்படித் திட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். என் பெண்டாட்டிக்குத்தான் மனக்குறை. "ஊரு ஊரா மைக் வச்சு நீ கூமுட்டைன்னு ஒத்துக்கிடுதே. வீட்டுல நான் சொன்னா மட்டும் சோத்துத் தட்ட எறியுத" என்றாள்.

ஓட்டுப் பதிவு முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளினிக்கைத் திறந்தேன். கீழவைப்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வாசலில் நின்றார்கள், டோக்கனை முடிந்து வைத்திருந்தவர்கள். மீன்கார அக்கா ஒன்றாம் நம்பரைக் காட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். டாக்டர் வெயிலில் கறுத்துக் கருவாடாகி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஃபீஸை மேசையில் வைத்தாள்.

"யாருக்குப் போட்டேன்னு கேக்கவே இல்லையே?"

"வாயத் தொறங்க" என்றார் டாக்டர்.

நோட்டீஸுக்கு அவர் அன்றைக்கு மைக்கில் சொன்னதையேதான் பதிலாக எழுதிக் கொடுத்திருந்தார். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்து ஒரு காகிதம் வந்தது, அதோடு சரி. காகிதத்தில் தப்பித்தாயிற்று. ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பது பெட்டிக்குள் இருந்தது.

எண்ணுகிற நாள். எண்ணிக்கை மையத்துக்குள் என்னை விடவில்லை. கேட்டுக்கு வெளியே, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சுற்றாகச் சொல்வார்கள். ஒரு சுற்றில் டாக்டர் முன்னால், அடுத்த சுற்றில் பின்னால், அப்புறம் முன்னால். இருபது வருடம் கடலில் எடுக்காத வாந்தி கம்பியைப் பிடித்தபடி வரப் பார்த்தது. பதினைந்து வருடம்தான் குளித்தேன். பதற்றத்தில் ஐந்து கூடிவிட்டது.

இரண்டு சுற்றாக டாக்டர் பின்னாலேயே இருந்தார். வக்கீல் உள்ளேயிருந்து கம்பிப் பக்கம் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அடுத்த சுத்துல கீழவைப்பார்ப் பக்கத்துப் பெட்டி வருது வேய். உம்ம டோக்கன் கொன்னுச்சா காப்பாத்துச்சான்னு அதுல தெரிஞ்சிரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் பக்கத்தில் மீன்கார அக்கா நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. "எக்கா, உங்க ஊர்ல என்ன நெனைக்காவ?" என்றேன். "பேசாம நில்லு" என்றாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர் பேர், சுற்று, ஓட்டு என்று வரிசையாக வந்தது. எனக்கு அறுபது வரைதான் எண்ணிக்கை சுத்தமாக வரும். பெரிய எண் வந்தால் கூடுதலா குறைவா என்று பிடிபடாது. பக்கத்திலிருந்தவர்கள் கத்தியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு சுற்றில் விட்டதை அந்த ஒரு சுற்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு மேல் டாக்டர் பின்னால் போகவே இல்லை.

மீன்கார அக்கா என் முதுகில் ஒரு அறை விட்டாள். சுறாவைப் புரட்டுகிற கை. "எங்க ஊரப் பத்தி என்னலே நெனச்சே? துட்டுக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாதுன்னா?" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அறைக்கா ஓட்டுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டாக்டர் சான்றிதழோடு வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. மாலை போட ஆள் மேல் ஆள் விழுந்தது. என்னால் பக்கத்தில் போக முடியவில்லை. அவர்தான் மாலைகளுக்கு மேல் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அடுத்த வாரம் டெல்லிக்குப் போறேன். கிளினிக்க இனிமே தெறக்க முடியாதுலே. நீ என்ன செய்வே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் ஊராகத் தொண்டை கிழியக் கத்தி, என் வேலையை நானே ஒழித்திருக்கிறேன். இது ஓட்டுப் பதிவுக்கு முன்னால் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எதிர்த்து நின்றவர்களையும் நோயாளிகளையும் விட்டால், அவர் தோற்றால் லாபம் அடைகிற ஒரே ஆள் தொகுதியிலேயே நான்தான்.

"ஒண்ணும் தெரியல சார்" என்றேன்.

"எனக்கும் அங்கன போயி என்ன செய்யன்னு ஒண்ணும் தெரியல. பாப்போம்" என்றார். கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கட்சிக்காரர்கள் ரோட்டில் சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி வைத்திருந்தவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி நான் கொளுத்தினேன்.